பொட்டாஷ் கோர் கரைந்து வந்தால்

ஹட்டன், பண்டாரவளைப் பக்கம் குழாய்க் கிணறு அடித்துப் பழகியவர்கள் துளைக்குள் நல்ல தண்ணீரைத்தான் விடுவோம். கருங்கல்லுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. எத்தியோப்பியாவின் டனாகில் பாலைவனத் தாழ்நிலத்தில் பொட்டாஷுக்குத் (பொட்டாசிய உப்புப் படிவு) துளையிடும்போது அதே தண்ணீர்தான் வினை: கோர் (துளையிலிருந்து எடுக்கும் உருளைப் பாறைத் துண்டு) மெலிந்து, குழி விழுந்து வரும், துளையும் அகன்றுவிடும்.

பிட்டை (துளையிடும் முனையை) மாற்றுவது வீண் செலவு. சுற்றும் திரவத்தை மாற்றியதும் கோர் முழுதாக வந்தது. வெறும் கறியுப்புக் கரைசல் போதாது, பொட்டாஷிலுள்ள சில்வைட் (பொட்டாசியம் குளோரைட் கனிமம்) அதிலும் கரையும். இரண்டு உப்பும் இனிக் கரையாத அளவுக்கு நிறைந்த கரைசல் வேண்டும். 25 பாகையில் 1000 லீற்றர் தண்ணீர் சுமார் 300 கிலோ உப்பும் 160 கிலோ பொட்டாசியம் குளோரைட்டும் பிடிக்கும். பின்னது வேறொன்றுமில்லை, தேயிலைக்குப் போடுகிற எம்ஓபி உரம்தான். வெயிலில் தொட்டி சூடேறினால் எம்ஓபி இன்னும் கரையும். ஆகவே கணக்கை நம்பாமல், தொட்டியடியில் இரண்டும் கரையாமல் கொஞ்சம் கிடக்கிறதா என்று துழாவிப் பாருங்கள். திரவத்தைக் கெட்டியாக்கப் போடும் பெண்டனைட் களிமண் உப்புநீரில் திரிந்துவிடும். பதிலுக்கு அட்டபுல்கைட் என்ற களிமண் அல்லது ஸ்டார்ச் போடுங்கள்.

கார்னலைட் (பொட்டாசியமும் மெக்னீசியமும் சேர்ந்த உப்பு) படை வந்தால் இதுவும் உதவாது. மெக்னீசியம் குளோரைட் செறிந்த கரைசல் வேண்டும். அந்தக் கோர் காற்றின் ஈரத்தையே குடித்துக் கசியும் (நுவரெலியாவில் என்றால் கேட்கவே வேண்டாம்). எடுத்ததும் துடைத்து, பிளாஸ்டிக்கில் இறுகச் சுற்றுங்கள்.

கோர் தவறிய இடத்தில் காமா அளவியை (காமாக் கதிரை அளக்கும் கருவி) துளைக்குள் இறக்கினால், பொட்டாசியம்-40 கதிர்வீச்சை வைத்துப் படையின் தடிப்பைக் கணிக்கலாம்.