முகக்கவசமா, முகமூடியா? தவிர்க்க வேண்டிய சொற்பிழைகள்

2020ஆம் ஆண்டின் பிற்பகுதியில், திருகோணமலை நகரில் நகை அடகு பிடிக்கும் கடையொன்றின் கண்ணாடிக் கதவில் ‘முகமூடி அணிந்து உள்ளே வரவும்’ என்று கையால் எழுதிய தாள் ஒட்டப்பட்டிருந்தது. எழுதியவர் நோய்த்தொற்றைத்தான் நினைத்திருப்பார். வாசித்தவர்களுக்கோ ‘முகமூடிக் கொள்ளையர்’ என்ற பத்திரிகைத் தலைப்பு நினைவுக்கு வந்திருக்கும்.

முகமூடி என்பது ஆளை அடையாளம் தெரியாமல் மறைப்பது. தென்னிலங்கை அம்பலாங்கொடைக் கலைஞர்கள் ‘கோலம்’ என்னும் சிங்கள நாட்டார் நாடகத்துக்காக மரத்தில் செதுக்கும் முகங்களையும் அச்சொல்லாலேயே அழைக்கிறோம். கவசமோ காப்பது. வடமொழியிலிருந்து வந்த அச்சொல் முதலில் போருடையைக் குறித்தது. அம்மனுக்கு வெள்ளிக் கவசம் சாத்துவதைக் கண்டும், கண், நாசி, வாய் என ஒவ்வோர் உறுப்பையும் வேல் காக்கவேண்டுமென்று கேட்கும் கந்தசஷ்டி கவசத்தைக் கேட்டும் வளர்ந்த நமக்கு அதன் பொருளை விளக்கவேண்டியதில்லை. ஆகவே மருத்துவமனைத் தாதியும் சீமெந்து மூட்டை இறக்கும் தொழிலாளியும் மூக்கையும் வாயையும் மூடிக் கட்டுவது முகக்கவசமே.

இக்குழப்பத்துக்கு ஆங்கிலமும் ஒரு காரணம். ‘மாஸ்க்’ என்ற ஒரே சொல் அங்கே இரண்டு வேலையையும் செய்கிறது. பிரெஞ்சு மொழி வழியாக 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்த அச்சொல், இத்தாலிய ‘மாஸ்கெரா’வோடு உறவுடையது. அதற்கு அப்பால், சூனியக்காரியைக் குறித்த இடைக்கால இலத்தீன் ‘மாஸ்கா’வா, கோமாளியைக் குறித்த அரபு ‘மஸ்கரா’வா மூலம் என்பதில் அறிஞர்கள் ஒன்றுபடவில்லை. எப்படியாயினும், அது வேடத்தில் பிறந்து காப்புக்குப் பிறகே வந்த சொல். ‘மாசு காப்பதால் மாஸ்க்’ என்று மாணவர் ஒருவர் என்னிடம் விளக்கம் சொன்னார். கேட்க இனிமையாகத்தான் இருந்தது, ஆனால் ஒலி ஒத்துப்போவது மட்டும் சொல்லின் பிறப்புக்குச் சான்றாகாது.

தனித்தமிழ் ஆர்வத்தில் ‘முகமறை’ என்று ஆக்கலாமே என்பாரும் உளர். பதிற்றுப்பத்தில் ‘மெய்ம்மறை’ கவசத்தையே குறிக்கிறது என்பது உண்மைதான். எனினும் இன்றைய காதில் ‘மறை’ ஒளித்தலையே சொல்லும் என்பதால், அப்புதுச்சொல் நம்மை மீண்டும் முகமூடியிடமே கொண்டுபோய் விடும்.

முகத்திரை வேறு. இலங்கையில் 2019 ஏப்ரல் 29 முதல் அவசரகால விதிகளின் கீழ் முகத்தை மூடும் ஆடைகள் தடைசெய்யப்பட்டன. 2020 ஒக்டோபரில் பொது இடங்களில் முகக்கவசம் அணிவது சட்டப்படி கட்டாயமானது. ஒன்றரை ஆண்டு இடைவெளியில் வந்த இவ்விரண்டையும் பற்றி எழுதும்போது சொல் பிசகினால் செய்தியே பிசகிவிடும். ஹிஜாபை முகத்திரை என்று எழுதுவதும் தவறு: ஹிஜாப் தலையையும் கழுத்தையும் மூடும், முகம் திறந்தே இருக்கும், முகத்தை மறைப்பது நிகாப். முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் கிண்ணியாவையும் மூதூரையும் திருகோணமலைக்கு அயலில் வைத்துக்கொண்டு நாம் இப்பிழையைச் செய்வது அழகல்ல.

எழுத்துப்பிழை பற்றி ஒரு சொல். முகம், கவசம் இரண்டும் சேரும்போது மகர ஒற்றுக் கெட்டு வல்லினம் மிகும். ஆதலால் ‘முககவசம்’ பிழை, ‘முகக்கவசம்’ சரி. ‘மூடி’ மெல்லினத்தில் தொடங்குவதால் அங்கே ஒற்று மிகாது. ‘முகம்மூடி’ என்று எழுதவேண்டாம். பேச்சில் ‘மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு வாங்கோ’ என்பதில் பிழை ஏதுமில்லை. கதவில் ஒட்டும் தாளுக்குத்தான் இவ்வளவு கவனமும்.