இதயம் தையல் விடும்போது

பழைய மெஷினில் தைத்தவர்களுக்குத் தெரியும். ஊசி ஒழுங்காக ஓடிக்கொண்டே இருக்கும், நடுவில் ஒரு தையல் விட்டுவிடும், அடுத்தது நீளமாக இழுத்துக்கொண்டு விழும். என் நெஞ்சும் அப்படித்தான் செய்தது. ஒரு துடிப்பைக் காணோம். கொஞ்சம் வெறுமை. அப்புறம் உள்ளேயிருந்து யாரோ குத்தியதுபோல 'தொம்' என்று ஒன்று. பாளையங்கோட்டையில் வீட்டு முன்னறையில் ஜாக்கெட் தைக்கிறேன், வயது 45. மூன்று வருடம் முன்னால், தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கையில், ராத்திரி ஒரு மணிக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தபோது முதல்முறை வந்தது.

வீட்டுக்காரர் எழுந்து ஓமவாட்டர் ஊற்றிக் கொடுத்தார். மறுநாள் போனில் மதினி, "கேஸா இருக்கும், பன்னீர் சோடா குடி" என்றார். நம் ஊரில் தொப்புளுக்கு மேலே எது நடந்தாலும் கேஸ்தான். முதலில் பார்த்த டாக்டர் "டென்ஷன்மா" என்று மாத்திரை எழுதி அனுப்பிவிட்டார். அவரைச் சொல்லியும் முழுக்கக் குற்றமில்லை. "படபடன்னு வருது" என்பதைத் தவிர என்னிடம் சொல்ல ஒரு விவரமும் இல்லை. அளவு சொல்லாமல் துணியை மட்டும் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் மேல் எனக்கு வருகிற கோபம் அவருக்கும் வந்திருக்கும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படபடப்போடு நெஞ்சு வலி, இறுக்கம், மூச்சுத்திணறல், மயக்கம், கண் இருட்டுவது இதில் எது சேர்ந்தாலும் சோடாவும் வேண்டாம், நான் சொல்லப்போகிற நோட்டும் வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள். மாடி ஏறும்போதோ ஓடும்போதோ வருகிற படபடப்பு, குடும்பத்தில் யாராவது சின்ன வயதில் திடீரென இறந்திருப்பது, சிறுவயதில் காய்ச்சலும் மூட்டு வீக்கமும் வந்து வால்வு பாதித்திருக்கிறது என்று யாராவது சொல்லியிருப்பது, இவையெல்லாம் இருந்தால் 'பார்ப்போம்' என்று தள்ளிப்போடக் கூடாது.

சரி, அளவெடுக்கிற வேலைக்கு வருவோம். நாடி பார்க்கப் பெரிய படிப்பு தேவையில்லை. உள்ளங்கையை மேலே வைத்து, கட்டைவிரலுக்கு நேர் கீழே மணிக்கட்டில், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் லேசாக வையுங்கள். கட்டைவிரலால் பார்க்காதீர்கள், அதற்கே ஒரு துடிப்பு உண்டு, குழப்பிவிடும். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து 30 வினாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும் பெரியவர்களுக்கு 60 முதல் 100 வரை சாதாரணம். எண்ணிக்கையைவிட அது ஓடுகிற விதத்தைக் கவனியுங்கள். சீராக ஓடி எப்போதாவது ஒன்று விடுகிறதா? சீராகவே ஆனால் படுவேகமாக ஓடுகிறதா? இல்லை, புதிதாக மெஷின் மிதிக்கிறவள் கால்போல எந்த ஒழுங்கும் இல்லாமல் ஓடுகிறதா? கடைசிச் சங்கதி வயதானவர்களிடம் தெரிந்தால், அவர்களுக்கு ஒரு தொந்தரவும் இல்லாவிட்டாலும் டாக்டரிடம் காட்டுங்கள். இதயத்தின் மேல் அறைகள் ஒழுங்கில்லாமல் நடுங்குகிற ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனாக இருந்தால் இதயத்தில் ரத்தம் உறைந்து மூளைக்குப் போய்ப் பக்கவாதம் வரலாம்.

எனக்கு நடந்தது முதல் வகை. துடிப்பு காணாமல் போகவில்லையாம், முறைக்கு முன்னாலேயே ஒன்று வந்துவிடுகிறதாம், அதுதான் முந்துதுடிப்பு. அதற்குள் இதயத்தில் ரத்தம் நிறையாததால் மணிக்கட்டுக்குத் தெரிவதில்லை. பிறகு சற்று நீண்ட இடைவெளி, அதற்குள் கூடுதல் ரத்தம் நிறைகிறது, அதனால்தான் அடுத்தது 'தொம்' என்று விழுகிறது.

என் அளவு நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுத ஆரம்பித்தேன். படபடப்பு வரும்போதெல்லாம் ஒரு கோடு, பக்கத்தில் மணி என்ன, என்ன செய்துகொண்டிருந்தேன், நாடி எத்தனை, முந்தின ராத்திரி எத்தனை மணி தூக்கம், என்ன சாப்பிட்டேன், என்ன மாத்திரை போட்டேன், மாதவிலக்கு எத்தனையாவது நாள். கடைசி விஷயத்தை எழுத எனக்கே முதலில் கூச்சமாக இருந்தது. உண்மையைப் பிடித்துக்கொடுத்தது அதுதான்.

ஏனென்றால் நான் பழி போட்டது டீயின் மேல். தீபாவளி சீசனில் ஒரு நாளைக்கு ஏழு டீ. ஒரே நாளில் நிறுத்தினேன். மூன்று நாள் தலைவலி மண்டையைப் பிளந்தது, படபடப்பு அப்படியே இருந்தது. ஆறு வாரம் எழுதிய பிறகு பக்கங்களைப் புரட்டினால், மாதவிலக்கு முடிந்த அடுத்த வாரம்தான் கோடுகள் நெருக்கமாக இருந்தன. தண்ணீர்க் குடத்தோடு மாடி ஏறும்போது நாடி 120-க்கு மேல். இந்த நோட்டோடு இன்னொரு டாக்டரிடம் போனேன். அவர் பக்கத்தைப் பார்த்தார், என் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார், ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். பெண்களுக்கு 12-க்குக் குறையக் கூடாத ஹீமோகுளோபின் எனக்கு 8.6. கர்ப்பப்பையில் கட்டி இருந்து மாதாமாதம் ரத்தம் வீணாகிக்கொண்டிருந்திருக்கிறது. ஆக்சிஜனைச் சுமக்க ஆள் குறைவு, அதனால் இதயம் வேகமாக ஓடி ஈடுகட்டப் பார்த்திருக்கிறது.

இதில் வேடிக்கை, டீ குற்றவாளி இல்லை என்று முழுக்கச் சொல்லிவிடவும் முடியாது. முன்பு ஒரு முறை கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையை நான் பதினோரு மணி டீயோடுதான் விழுங்கிக்கொண்டிருந்தேன். டீயிலும் காபியிலும் உள்ள பொருட்கள் இரும்பை உடம்பில் சேரவிடாமல் பிடித்துக்கொள்ளும். மாத்திரைக்கும் டீக்கும் நடுவில் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள், எலுமிச்சைச் சாற்றோடு போட்டால் இன்னும் நல்லது. மலம் கறுப்பாகப் போனால் பயப்படாதீர்கள், அது இரும்பின் நிறம். கட்டிக்கும் சேர்த்து வைத்தியம் பார்த்து, நான் 12-ஐத் தொட நாலு மாதம் ஆனது.

காபி, டீயைப் பற்றி இன்னொன்று. 2023-இல் அமெரிக்காவில் 100 பேரை வைத்துச் செய்த ஆய்வில், காபி குடித்த நாட்களில் இதயத்தின் கீழ் அறையிலிருந்து வரும் முந்துதுடிப்புகள் ஓரளவு கூடின, மேல் அறையிலிருந்து வருபவை கூடவில்லை. ஆனால் ராத்திரித் தூக்கம் சராசரியாக 36 நிமிடம் குறைந்தது. எனக்கு அந்த 36 நிமிடம்தான் முக்கியமாகப் படுகிறது. தூக்கம் கெட்ட மறுநாள் என் நோட்டில் கட்டாயம் ஒரு கோடு இருக்கும். இப்போது இரண்டு டீ, மதியம் மூன்றுக்குப் பிறகு கிடையாது.

எதையும் ஒன்றொன்றாக, இரண்டு வாரம் விட்டு விட்டு நிறுத்திப் பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தினால் எது காரணம் என்று கடைசிவரை தெரியாது. மூக்கடைப்பைத் திறக்கிற சளி மாத்திரை என் நோட்டில் இரண்டு முறை மாட்டியது, அவற்றில் ஃபினைலெஃப்ரின் மாதிரி மருந்துகள் இருக்கும். ஆஸ்துமா இன்ஹேலர், அளவு கூடிய தைராய்டு மாத்திரை, காய்ச்சல், மது, புகை, வெயிலில் தண்ணீர் குடிக்காமல் அலைவது, எல்லாமே செய்யும். டாக்டர் எழுதிய மருந்தை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள், போய்க் கேளுங்கள். தைராய்டையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

ஈசிஜி எடுக்கிற நேரத்துக்குள் படபடப்பு வராது, அது எல்லோருடைய புலம்பலும். அதற்குத்தான் ஹோல்டர். நெஞ்சில் வயர்களை ஒட்டி, 24 மணி நேரம் சின்னப் பெட்டியோடு அனுப்புவார்கள். அன்று குளிக்க முடியாது. பெட்டி இடுப்பில் ஆடிக்கொண்டே இருந்ததால் வெட்டுத் துணியில் நாடா வைத்து ஒரு பை தைத்துப் போட்டுக்கொண்டேன், திருப்பிக் கொடுக்கும்போது அங்கிருந்த நர்ஸம்மா பையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். ஒரு நாளில் சுமார் ஒரு லட்சம் துடிப்பில் முந்துதுடிப்பு 1,140. நூற்றுக்கு ஒன்று. பத்தைத் தாண்டினால்தான் யோசிக்க வேண்டும் என்றார் டாக்டர். இதயத்தை ஸ்கேன் செய்து பார்க்கிற எக்கோவிலும் கோளாறு இல்லை.

என் அண்ணன் மகளுக்கு வருவது வேறு. ஸ்விட்ச் போட்டதுபோல ஒரே நொடியில் 180-க்குப் போகும், அதேபோல் ஒரே நொடியில் நிற்கும். இதயத்தில் மின்சாரம் ஓட ஒரு வழி கூடுதலாக இருக்கிறதாம். மூக்கைப் பிடித்து, வாயை மூடி, 15 வினாடி முக்கிவிட்டு, உடனே படுத்துக் காலைத் தூக்கச் சொல்லி டாக்டர் பழக்கியிருக்கிறார். அது அவளுக்குச் சொன்னது. என்னைப்போன்ற தையல் விடுகிற கேஸுக்கு அதில் பிரயோஜனம் இல்லை.

எனக்கு வந்தால் வேலையை நிறுத்தி உட்காருவேன், தண்ணீர் குடிப்பேன், நாடி எண்ணுவேன். மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீட்டுவேன். பயந்தால் அட்ரினலின் சுரந்து இன்னும் துள்ளும், எண்ணும்போது பயப்பட மனசுக்கு நேரம் இருப்பதில்லை. படுக்கையில் இடப்பக்கம் சாய்ந்திருந்தால் அதிகமாகத் தெரியும்.

போன செவ்வாய்க்கிழமையும் வந்தது. வலப்பக்கம் திரும்பிப் படுத்தேன். காலையில் ஒரு சுடிதார் அளவுக்குக் கீழே எழுதினேன்: "ராத்திரி பதினொன்றே கால், நாலைந்து தடவை, நாடி 76, மதினி வீட்டுக் கல்யாணச் சாப்பாடு, பாயசம் இரண்டு தடவை."