நாலு தாமஸ், ஒரு குடும்பம்: ஹோவர்டுகளைப் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கிலாந்தின் நார்ஃபோக் டியூக்குகள் (டியூக் என்பது உயர்ந்த பிரபுப் பட்டம்) ஹோவர்ட் குடும்பத்தார். அவர்களைப் பற்றித் தமிழில் எழுதுபவர்கள் பெரும்பாலும் பெயரில்தான் வழுக்குகிறார்கள். இரண்டாம் டியூக் முதல் ஐந்தாம் டியூக் வரை நால்வருக்கும் பெயர் தாமஸ். 1513இல் ஃபிளாடன் போரில் ஸ்காட்லாந்துப் படையை முறியடித்தவர் இரண்டாமவர். மூன்றாமவருக்கு மரண தண்டனை நாள் நெருங்கியிருந்த நேரத்தில், 1547 ஜனவரி 28 அன்று எட்டாம் ஹென்றி மன்னர் இறந்துபோனார், தலை தப்பியது. 1572இல் நான்காமவருக்குத் தப்பவில்லை. அதனால் வெறும் ‘தாமஸ் ஹோவர்ட்’ என்று எழுதாமல் எத்தனையாவது டியூக் என்பதையும் சேர்த்துவிடுங்கள்.

அந்த எண்ணிலும் ஒரு பொறி உண்டு. நான்குக்கு அடுத்து ஐந்து என்பதால் அப்பாவும் மகனும் என்று நினைத்துவிடுவோம். நான்காமவரோடு பறிபோன பட்டம் 88 ஆண்டுகள் கழித்து, 1660இல்தான் திரும்பி வந்தது. ஐந்தாமவர் அவருடைய கொள்ளுப்பேரனின் மகன்.

பெயரை விட்டுவிட்டுப் பட்டத்தைப் பிடித்துக்கொண்டால் போதும் என்றும் சொல்ல முடியாது. ‘சர்ரே ஏர்ல்’ (ஏர்ல் என்பது டியூக்குக்குக் கீழான பட்டம்) என்பவர் ஃபிளாடனில் தாத்தா, பின்னால் இரண்டாம் டியூக் ஆனவர். 1520இல் அயர்லாந்தை நிர்வகிக்கப் போனபோது மகன், பின்னால் மூன்றாம் டியூக் ஆனவர். 1547 ஜனவரி 19 அன்று தலை வெட்டப்பட்ட கவிஞர் ஹென்றி என்றால் பேரன். ஆண்டைப் பார்க்காமல் ஆளைச் சொல்ல முடியாது. அந்த ஆண்டும் லேசில் பிடிபடாது. அன்றைய இங்கிலாந்தில் மார்ச் 25தான் புத்தாண்டு. எனவே அக்கால ஆவணங்களில் இதே ஜனவரி 1546 என்று இருக்கும். இரண்டும் ஒரே நாள்தான், தனித்தனிச் சம்பவம் ஆக்கிவிடாதீர்கள்.

நம்மவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு உறவுமுறையில் இருக்கிறது. ராணிகள் ஆன் பொலின், காத்தரின் ஹோவர்ட் இருவருக்கும் மூன்றாம் டியூக் ‘அங்கிள்’ என்று ஆங்கிலத்தில் படித்துவிட்டு, இருவருக்கும் மாமா என்று எழுதிவிடுகிறார்கள். ஆனுடைய அம்மா எலிசபெத், டியூக்கின் தங்கை. ஆகவே ஆனுக்கு அவர் தாய்மாமன். காத்தரினின் அப்பா எட்மண்ட், டியூக்கின் தம்பி. ஆகவே காத்தரினுக்குப் பெரியப்பா. எட்டாம் ஹென்றி மணந்து கொன்ற இந்த இரண்டு ராணிகளும் அக்கா தங்கையும் அல்ல. ஆனுக்குக் காத்தரின் மாமன் மகள். 1536இல் ஆன் பொலினை விசாரித்த பிரபுக்களின் நீதிமன்றத்துக்குத் தலைமை தாங்கியவர் அதே தாய்மாமன். ‘அவருடைய உறவினர்’ என்று மழுப்பினால் இந்தக் கொடுமையில் பாதி காணாமல் போய்விடும்.

அப்புறம், ‘பிரபு’ என்கிற சொல். 1588இல் ஸ்பெயின் கடற்படையை எதிர்த்துப் போன ஆங்கிலக் கடற்படைக்குத் தலைவர் எஃபிங்ஹம் பிரபு சார்லஸ் ஹோவர்ட். அதே படையில் கோல்டன் லயன் கப்பலை நடத்தியவர் நான்காம் டியூக்கின் மகன் தாமஸ் ஹோவர்ட். சார்லஸ் இவருக்குச் சின்னத் தாத்தா முறை. இருவரையும் ‘ஹோவர்ட் பிரபு’ என்று எழுதினால் ஒரே ஆளாகிவிடுவார்கள். சார்லஸ் தன் பட்டத்தால் பிரபு, தாமஸோ டியூக்கின் மகன் என்பதால் மரியாதைக்கு அப்படி அழைக்கப்பட்டவர்.

ஹோவர்டுகள் எல்லாரும் கத்தோலிக்கர்கள் என்று பொதுவாகச் சொல்வதும் சரியில்லை. சார்லஸ் புராட்டஸ்டண்ட். அவர் கடலில் நின்ற அதே நேரத்தில் தாமஸின் அண்ணன் பிலிப் தன் கத்தோலிக்க நம்பிக்கைக்காக லண்டன் டவர் கோட்டையில் அடைபட்டிருந்தார். ஸ்பெயின் வெல்ல வேண்டும் என்று பிரார்த்தித்ததாக அவர்மேல் வழக்கும் வந்தது. 1595இல் அங்கேயே இறந்தார். 1970இல் கத்தோலிக்கத் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது.

அந்தக் கோட்டையின் போஷாம்ப் கோபுரச் சுவரில், கிறிஸ்துவுக்காக இங்கே படும் துன்பத்தைப் பற்றி லத்தீனில் ஒரு வாசகத்தை 1587இல் அவர் செதுக்கினார். போகிறவர்கள் ‘ஹோவர்ட்’ என்று தேட வேண்டாம். பட்டம் உள்ளவர் குடும்பப் பெயரில் கையெழுத்துப் போடுவதில்லை. அடியில் இருப்பது அவருடைய ஏர்ல் பட்டத்தின் பெயரான ‘அரண்டல்’.