மதுரையிலிருந்து பழனிக்கு நடக்கிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

தைப்பூசத்துக்குப் பத்து நாள் இருக்கும்போதே பாத்திமா கல்லூரியைத் தாண்டித் திண்டுக்கல் ரோட்டில் பச்சை வேட்டிகள் தெரிய ஆரம்பித்துவிடும். மதுரையிலிருந்து பழனி சுமார் 120 கிலோமீட்டர். மாலை போட்டு, விரதம் இருந்து, மனதை நன்றாகத் தயார் செய்துகொண்டுதான் எல்லோரும் கிளம்புகிறோம். காலைத் தயார் செய்கிறவர்கள்தான் குறைவு.

எல்லாத் தவறுக்கும் தாய் முதல் நாள் வேகம். பரவை, சமயநல்லூர் வரை பேச்சும் பாட்டுமாகப் போகும். வாடிப்பட்டி வந்ததும் யாராவது ஒருவர், “இன்னும் தெம்பு இருக்குப்பா, கொடைரோட்டுல போய்ப் படுத்துக்குவோம்” என்பார். அப்படிப் போனால் முதல் நாளே கிட்டத்தட்ட 40 கிலோமீட்டர். அன்று ஒன்றும் தெரியாது. மறுநாள் காலையில் எழுந்து நிற்கும்போதுதான் கெண்டைக்கால் பேசும். மூன்றாம் நாள் ஒட்டன்சத்திரம் ரோட்டோரம் காலை நீட்டி உட்கார்ந்திருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் முதல் நாள் ஓட்டமாக வந்தவர்கள். வாடிப்பட்டியோடு நிறுத்துங்கள். விடுமுறை கிடைத்தால் ஐந்து நாளாகவே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் நாள் சின்னாளப்பட்டி, மூன்றாம் நாள் திண்டுக்கல் தாண்டி ரெட்டியார்சத்திரம், நான்காம் நாள் சத்திரப்பட்டி பக்கம் என்று பிரித்தால், கடைசி நாள் மலை ஏற உடம்பில் பலம் மிச்சம் இருக்கும்.

அடுத்தது செருப்பு. யாத்திரைக்கென்று புதிதாக வாங்கிப் போட்டுக்கொண்டு கிளம்புவதைப் போன்ற வம்பு வேறில்லை. இரண்டு மாதமாவது போட்டுப் பழகியது வேண்டும். நடக்க நடக்கப் பாதம் வீங்கும் என்பதால் விரலுக்கு முன்னால் கொஞ்சம் இடமும் வேண்டும். வெறுங்காலோடு வருவதாக வேண்டுதல் என்றால், ஒரு மாதம் முன்பிருந்தே தினமும் தார் ரோட்டில் வெறுங்காலோடு நடந்து பழகுங்கள். வெயில் ஏறியதும் வெறுங்கால்காரர்கள் ரோட்டோர வெள்ளைக் கோட்டில் கால் வைத்து நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். தாரைவிட அதில் சூடு குறைவு. ஆனால் அந்தக் கோடுதான் வண்டிகளுக்கு மிக அருகில் இருக்கிறது. பத்து மணிக்கு மேல் பந்தலில் படுத்துவிட்டு நாலு மணிக்குக் கிளம்பினால் கோட்டைத் தேட வேண்டிய அவசியமே வராது.

கொப்புளத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அது திடீரென்று வருவதில்லை. முதலில் குதிகாலிலோ பெருவிரலுக்குக் கீழேயோ ஒரு காசு அகலத்துக்குச் சுருக்கென்று சூடு தெரியும். அந்த நிமிடமே உட்கார வேண்டும். செருப்பைக் கழற்றி, மண்ணைத் தட்டி, காலைத் துடைத்துக் காயவிட்டு, அந்த இடத்தில் பிளாஸ்திரி ஒட்டினால் ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்தது. “அடுத்த பந்தலில் பார்த்துக்கொள்வோம்” என்று போனால் அந்த இரண்டு கிலோமீட்டரில் தோல் பிரிந்து நீர் கோத்துவிடும். எங்கள் குழுவில் வந்த அத்தை ஒருவர், நடுவில் உட்கார்ந்தால் வேண்டுதலுக்குக் குறை என்று நினைத்து அம்பாத்துரை வரை சொல்லவே இல்லை. கழற்றிப் பார்த்தால் குதிகால் தோல் முழுக்க மடிந்து கிடந்தது. அன்று அவர் அழுதது வலியால் இல்லை, மிச்ச தூரத்தை வேனில் போக வேண்டியதை நினைத்து. உட்கார்ந்து எழுந்து நடந்தாலும் நடைதான், முருகன் கணக்கு வைத்துக் குறைக்க மாட்டான்.

கொப்புளம் வந்துவிட்டால் ஊக்கால் குத்தாதீர்கள், மேல்தோலைப் பிய்க்காதீர்கள். மூடிக் கட்டுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் வெறுங்காலோடு நடப்பதற்கு முன் டாக்டரைக் கட்டாயம் கேளுங்கள். பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் முள் குத்தியதுகூடத் தெரியாது. விரதம் என்று மாத்திரையை நீங்களாக நிறுத்துவதும், மாத்திரையைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் நடப்பதும் இரண்டுமே ஆபத்து.

சாப்பாட்டுக்கு வழியில் குறையே இல்லை, வழிநெடுக அன்னதானம். அதனாலேயே ஒவ்வொரு பந்தலிலும் கை நீட்டி, வயிறு முட்டி, நடக்க முடியாமல் போகிறது. கொஞ்சமாக வாங்குங்கள், இலையில் மிச்சம் வைக்காதீர்கள். வெறும் தண்ணீரையே லிட்டர் லிட்டராகக் குடிக்காமல் உப்புப் போட்ட மோரும் எடுத்துக்கொள்ளுங்கள். ஓஆர்எஸ் பொட்டலம் கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு சிறு கரண்டி சர்க்கரை, அரைச் சிறு கரண்டி உப்பு, தலை தட்டி அளந்து கலக்குங்கள்.

இரவு நடையில் கறுப்புப் போர்வையைப் போர்த்திக்கொண்டு போகாதீர்கள். தை மாதக் குளிருக்குப் போர்வை வேண்டும்தான், அதன் மேல் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டிய பை தெரியட்டும். நடைபாதை இல்லாத இடத்தில் எதிரே வரும் வண்டி கண்ணில் படுகிற மாதிரி வலது ஓரமாக, ஒருவர் பின் ஒருவராகப் போங்கள். காதில் இயர்போன் வேண்டவே வேண்டாம்.

தலையைக் குனிந்துகொண்டே போய்ச் சேருவதையும் நான் தவறென்றே சொல்வேன். வாடிப்பட்டி தாண்டினால் வலப்பக்கம் சிறுமலை கூடவே வரும். சின்னாளப்பட்டியில் சுங்குடிச் சேலை, திண்டுக்கல்லில் நாயக்கர் காலத்து மலைக்கோட்டை, ஒட்டன்சத்திரத்தில் விடியுமுன்னே காய்கறி லாரிகள், ஆயக்குடியில் கொய்யா. பஸ்ஸில் போகும்போது பெயர்ப்பலகையாக மட்டும் கடந்துபோகிற ஊர்கள் இவை.

பழனிக்கு வந்தவுடனே மலைக்கு ஓடாதீர்கள். அடிவாரத்தில் திருஆவினன்குடியைத்தான் முதலில் கும்பிடுவது வழக்கம். அங்கே காலுக்கும் ஓய்வு கிடைக்கும். 693 படி என்பது 120 கிலோமீட்டர் நடந்த முழங்காலுக்குச் சின்ன விஷயமில்லை, யானைப்பாதை சாய்வாக இருப்பதால் அதில் ஏறுவது சுலபம். 2023 அக்டோபரிலிருந்து மலைக்கோயிலில் செல்போனுக்குத் தடை. இதை மறந்துவிட்டு மேலே போய்ப் பிரிந்து, ஒருவரையொருவர் தேடி அலையும் குடும்பங்கள் நிறைய. ஏறுவதற்கு முன்பே அடிவாரத்தில் ஒரு இடத்தைக் காட்டி, “இங்கதான் எல்லாரும் வந்து நிக்கணும்” என்று பேசிக்கொள்ளுங்கள். குழந்தை சட்டைப்பையில் போன் நம்பர் எழுதிய சீட்டு ஒன்றும் வையுங்கள்.