மீன் எண்ணெய் வாங்கும் முன் பி.பி. கஃபை மாற்றுங்கள்

எடை 110 கிலோவைத் தாண்டியதும் இதயத்துக்கென்று நான் முதலில் செய்தது, மீன் எண்ணெய் கேப்ஸ்யூல் வாங்கியதுதான். தலைகீழ் வரிசை. சரியான வரிசை இதோ. நெஞ்சு வலி, மயக்கம், நாலு படி ஏறினாலே மூச்சிரைப்பு என்றிருந்தால் இதை மூடிவிட்டு டாக்டரிடம் போங்கள்.

படி 1: பி.பி.

நான் சறுக்கியது இங்கேதான். மிஷின் தினமும் 150-க்கு மேல் காட்டும். பயந்துபோய் இன்னொரு சப்ளிமெண்ட் சேர்த்தேன். கோளாறு கையில் சுற்றும் பட்டையில், அதாவது கஃபில்! தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே தையல் டேப்பைச் சுற்றிப் பார்த்தால் 41 செ.மீ. மிஷினோடு வந்த கஃபில் பொடி எழுத்தில் 22–32 செ.மீ. என்று போட்டிருக்கிறது. பருத்த கையில் சின்ன கஃப் மாட்டினால் பி.பி. கூடுதலாகத்தான் காட்டும். 2023-ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், மிகப் பெரிய கஃப் தேவைப்பட்டவர்களுக்குச் சாதாரண கஃப் போட்டபோது மேல் அளவு சராசரியாக 19.5 எகிறியது. கஃபை மாற்றியதும் எனக்கு 134.

ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். முதுகு சாய்ந்திருக்கட்டும், கஃப் நெஞ்சு மட்டத்தில். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை.

படி 2: நடை

பத்து நிமிடத்தில் ஆரம்பியுங்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடற்பயிற்சி. ஸ்மார்ட் வாட்ச் வேண்டாம், என்னுடையது மேஜை டிராயரில் தூங்குகிறது. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது: அதுதான் மிதமான வேகம். முட்டி வலித்தால் நீச்சல். தராசு நகராவிட்டாலும் பி.பி. இறங்கலாம், விட்டுவிடாதீர்கள்.

படி 3: சப்ளிமெண்ட் டப்பாக்கள்

எல்லாவற்றையும் மேஜையில் பரப்பி, பின்பக்கம் திருப்புங்கள். என் மீன் எண்ணெய் டப்பாவின் முன்னால் 1000 மி.கி. என்று கொட்டை எழுத்து, பின்னால் இ.பி.ஏ. 180, டி.எச்.ஏ. 120. இவை இரண்டும்தான் மீன் எண்ணெயில் இருக்கும் ஒமேகா-3 கொழுப்புகள். ஆக, ஒமேகா-3 வெறும் 300 மி.கி. சரி, கூட்டிப் போட்டுக்கொள்ளலாமே என்றால், அளவு ஏற ஏற இதயத் துடிப்பு தாறுமாறாகும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் வரும் வாய்ப்பும் ஏறுகிறது. உடல் பருமனே அதற்கு ஒரு காரணம் என்பதை மறக்க வேண்டாம். 25,871 பேரை வைத்து நடந்த வைட்டல் (VITAL) என்ற ஆய்விலும் (2018) ஒமேகா-3, வைட்டமின் டி இரண்டுமே மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் ஆகியவற்றின் மொத்தக் கணக்கைக் குறிப்பிடும்படி குறைக்கவில்லை. டாக்டர் எழுதித் தந்ததைத் தவிர மற்றதை நான் நிறுத்திவிட்டேன். 'கொழுப்பைக் கரைக்கும்' மாத்திரைகளில் சினெஃப்ரின் என்று கண்டால் தொடவே தொடாதீர்கள். துடிப்பையும் பி.பி.யையும் ஏற்றக்கூடிய சரக்கு அது.

பின்சேர்க்கை: இதயத் துடிப்பை மட்டுப்படுத்தும் பீட்டா பிளாக்கர் மருந்து சாப்பிடும் ஒருவர், எவ்வளவு நடந்தாலும் நாடித்துடிப்பு ஏறவில்லை என்று எழுதியிருந்தார். மருந்தின் வேலையே அதுதான். துடிப்பை எண்ணாமல் படி 2-ல் சொன்ன பேச்சுச் சோதனையை நம்புங்கள்.

இன்னொருவர் முடி வளர பயோட்டின் என்ற வைட்டமின் எடுக்கிறாராம். அளவு அதிகமானால், மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையின் முடிவைச் சில கருவிகளில் பொய்யாகக் குறைத்துக் காட்டிவிடும்; அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2017-லேயே எச்சரித்திருக்கிறது. ரத்தம் கொடுக்கும் முன் சொல்லிவிடுங்கள். நான் டப்பாவையே பையில் போட்டுக்கொண்டு போகிறேன்.