பிள்ளையின் பள்ளி ஆலோசகரை எப்போது, எதற்காகப் பார்க்க வேண்டும்? அமெரிக்கத் தமிழ்ப் பெற்றோருக்கு

நியூ ஜெர்சியில் ஒரு பொது உயர்நிலைப்பள்ளியில் ஆலோசகராக வேலை பார்க்கிறேன். ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை 300 பிள்ளைகளுக்கு மேல் என் பொறுப்பில் இருக்கிறார்கள். ஓர் ஆலோசகருக்கு 250 பேர் என்பதுதான் அமெரிக்கப் பள்ளி ஆலோசகர் சங்கத்தின் பரிந்துரை. அது ஏட்டில் இருக்கிறது.

மதிப்பெண்ணும் வருகைப்பதிவும் என் கணினித் திரையில் தெரியும். பாட்டி படுத்த படுக்கையாக இருப்பது, அப்பாவுக்கு வேலை போனது, வீட்டில் இரண்டு மாதமாக யாரும் சரியாகத் தூங்காதது எதுவும் தெரியாது. நீங்கள் சொன்னால்தான் உண்டு. நம்மவர்களில் பலர் என்னை முதன்முதலாகப் பார்க்க வருவது பன்னிரண்டாம் வகுப்பு அக்டோபரில், பல்கலைக்கழகப் பட்டியலைக் கையில் பிடித்துக்கொண்டு. அதற்குள் மூன்று ஆண்டு மதிப்பெண்கள் பதிவாகிவிட்டன. நான் மாற்றக்கூடியது மிகக் கொஞ்சம்.

ஒன்பதாம் வகுப்பிலேயே செய்ய வேண்டிய முதல் வேலை பெயரைச் சரிபார்ப்பது. இந்தியக் கடவுச்சீட்டில் குடும்பப்பெயர் இடம் காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் பிள்ளையின் பெயர் குடும்பப்பெயர் இடத்துக்குப் போய்விடும். முதற்பெயர் இடத்தில் ‘எஃப்.என்.யு.’ என்று அச்சாகும். முதற்பெயர் தெரியவில்லை என்று பொருள். சேர்க்கைப் படிவத்தில் பெற்றோரும் அப்படியே எழுதிக் கொடுக்க, பள்ளி அதை எடுத்துக்கொள்கிறது. ஆசிரியர் ‘எஃப்னு’ என்று கூப்பிட, பிள்ளையும் கையைத் தூக்கப் பழகிவிடுகிறது. கடவுச்சீட்டு, பள்ளிப் பதிவு, கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வுப் பதிவு, கல்லூரி விண்ணப்பம் ஆகிய நான்கிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். இல்லையென்றால் தேர்வு மதிப்பெண் ஓரிடத்திலும் விண்ணப்பம் ஓரிடத்திலும் நிற்கும். பள்ளிப் பதிவாளரிடம் ஒரு முறை நேரில் போனால் முடிகிற வேலை இது.

எனக்கு மின்னஞ்சல் எழுதும்போது பிள்ளையின் முழுப்பெயர், மாணவர் எண், வகுப்பு, ஒரே ஒரு கேள்வி இருந்தால் போதும். “கொஞ்சம் பேச வேண்டும்” என்று வரும் கடிதத்துக்கு என்னால் தயாராக முடியாது. “அடுத்த ஆண்டு இயற்பியலும் வேதியியலும் ஏ.பி. எனும் கல்லூரித்தர நிலையில் சேர்த்து எடுக்கலாமா?” என்று கேட்டால், ஆசிரியர்களிடம் விசாரித்துவிட்டே பேச வருவேன். ஆகஸ்ட் கடைசி வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள், பாட அட்டவணை மாற்றம் கேட்டு ஊரே வாசலில் நிற்கும். அக்டோபரும் அப்படித்தான், கல்லூரிகளுக்கு முன்கூட்டியே விண்ணப்பிப்பவர்களின் நவம்பர் 1 கெடு கழுத்தை நெரிக்கும். மார்ச், ஏப்ரலில் வாருங்கள். ஆங்கிலத்தில் பேசத் தயங்குகிறவர்கள் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். தொலைபேசி வழியாகவாவது ஏற்பாடு செய்வது பள்ளியின் கடமை, உங்களுக்குச் செலவில்லை. பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். தன்னைப் பற்றிய குறையைத் தானே மொழிபெயர்க்கும் பதினைந்து வயதுப் பிள்ளை எதை விட்டுவிடும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்த ஆண்டுப் பாடங்களைப் பெரும்பாலும் குளிர்காலத்திலேயே தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும், அந்தக் கேள்விக்கு மட்டும் மார்ச் வரை காத்திருக்காதீர்கள். பக்கத்து வீட்டுப் பையன் ஆறு ஏ.பி. எடுத்தான் என்பது காரணமாகாது. பிள்ளை இரவு எத்தனை மணிக்குப் படுக்கிறது என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன்.

ஊருக்குப் போகிறீர்கள் என்றால் டிக்கெட் எடுக்கும் முன் சொல்லுங்கள். டிசம்பர் விடுமுறையோடு பொங்கலையும் சேர்த்துக்கொள்வது நமக்கு இயல்பு. ஆனால் பல பள்ளிகளில் அரையாண்டுத் தேர்வு ஜனவரியில்தான் வரும். தாத்தா இறந்து அவசரமாகக் கிளம்பினால், விமான நிலையத்திலிருந்து எனக்கு இரண்டு வரி எழுதினால் போதும். அத்தனை ஆசிரியர்களுக்கும் நானே தெரிவிப்பேன்.

இனி பரிந்துரைக் கடிதம். பதினொன்றாம் வகுப்பு முடியும் தறுவாயில் பெற்றோருக்கு ஒரு கேள்விப்படிவம் அனுப்புவோம். “எங்கள் மகள் பணிவானவள், கடின உழைப்பாளி, எல்லோரிடமும் அன்பாகப் பழகுவாள்” என்று எழுதித் தருகிறார்கள். பத்துப் படிவத்தில் எட்டு இப்படித்தான் இருக்கும். இதை வைத்து நான் என்ன எழுத முடியும்? அம்மா இரவுப்பணிக்குப் போகும் நாட்களில் தம்பிக்குச் சோறாக்கிப் போட்டு, வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுத்துத் தூங்கவைப்பவள் அவள்தான் என்றால் அதை எழுதுங்கள். கோடையில் உறவினர் கடையில் கல்லாவில் நின்றிருந்தால் அதையும் எழுதுங்கள். நம் வீடுகளில் இதையெல்லாம் பெருமையாக யாரும் நினைப்பதில்லை, கடமை என்று விட்டுவிடுகிறோம். விண்ணப்பத்தைப் படிக்கிறவர்களுக்கோ இதுதான் வேண்டும். பத்தாம் வகுப்பில் மதிப்பெண் சரிந்ததற்குக் காரணம் இருந்தால், அதை விளக்க என் கடிதம்தான் சரியான இடம். கடிதத்தைக் காட்டச் சொல்லாதீர்கள். அதைப் பார்க்கும் உரிமையைப் பெரும்பாலான மாணவர்கள் விண்ணப்பத்திலேயே விட்டுக்கொடுக்கிறார்கள். அப்படி விட்டுக்கொடுத்த கடிதத்துக்குத்தான் கல்லூரிகளிடம் மதிப்பு அதிகம். முறுக்கு டப்பாவும் வேண்டாம், நான் அரசுச் சம்பளக்காரி.

மனநலம் பற்றி நம்மவர்கள் என்னிடம் பேசும்போது குரல் தாழ்ந்துவிடும். “இது பதிவில் ஏறுமா?” என்றுதான் முதலில் கேட்கிறார்கள். கல்லூரிக்குப் போகும் மதிப்பெண் பட்டியலில் ஏறாது. பிள்ளை என்னிடம் சொல்வதைப் பொதுவாக நான் வெளியே சொல்வதில்லை, உங்களிடமும்கூட. தன்னையோ பிறரையோ காயப்படுத்தும் ஆபத்து இருந்தாலோ, யாராவது பிள்ளையைத் துன்புறுத்துவதாகத் தெரிந்தாலோ நான் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது. சட்டம் அப்படி. நான் தொடர் சிகிச்சை தருபவள் அல்ல. சில முறை பேசுவேன், வெளியே யாரிடம் போகலாம் என்று வழிகாட்டுவேன். நள்ளிரவில் நெருக்கடி என்றால் எனக்குக் காத்திருக்காமல் 988 எண்ணை அழையுங்கள்.

கவனக்குறைவுக் கோளாறு, நீரிழிவு, கடும் பதற்றம் போன்றவை படிப்பைப் பாதித்தால் 504 திட்டம் கேட்கலாம். 1973-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 504-ஆம் பிரிவிலிருந்து வந்த பெயர் அது. தேர்வில் கூடுதல் நேரம், தனி அறை போன்ற வசதிகள் கிடைக்கும். எஸ்.ஏ.டி. தேர்வுக்கும் அதே வசதி வேண்டுமென்றால் தனியாக அனுமதி வாங்க வேண்டும். அதற்கு ஏழு வாரம் வரை ஆகலாம்.

விசா. பொதுப்பள்ளி இதைக் கேட்பதில்லை. குடியேற்ற நிலையைக் காட்டிப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கதவை மூடக் கூடாது என்று 1982-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. அதனால் உங்கள் பிள்ளை எச்-4 விசாவில் (வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்துக்கான விசா) இருப்பது நீங்கள் சொல்லும்வரை எனக்குத் தெரியாது. பத்தாம் வகுப்பிலேயே சொல்லிவிடுங்கள். எச்-4 பிள்ளைக்கு ஃபாஃப்சா எனும் நிதியுதவி விண்ணப்பம் வழியாக வரும் மத்திய அரசு உதவி கிடையாது. இங்கே பிறந்த தம்பிக்கு உண்டு, பெற்றோரின் விசா அதற்குத் தடையில்லை. ஒரே வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்கு இரண்டு கணக்கு. சில தனியார் கல்லூரிகள், குடும்பத்தின் பணநிலையைக் கேட்கும் சி.எஸ்.எஸ். புரொஃபைல் படிவத்தைப் பார்த்து, குடியுரிமை இல்லாதவர்களுக்கும் தங்கள் சொந்தப் பணத்திலிருந்து உதவுகின்றன. அப்படிப்பட்ட கல்லூரிகளை முன்கூட்டியே தேடிப் பட்டியலில் சேர்ப்பது என் வேலை. உள்மாநிலக் கட்டணம் (அந்த மாநிலத்தவருக்கான குறைந்த கட்டணம்) கிடைக்குமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும், ஒவ்வொரு கல்லூரியிடமும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 21 வயதில் எச்-4 முடிந்துவிடும். அநேகமாகப் படிப்பின் நடுவில். அதற்கு வழக்கறிஞரைப் பாருங்கள், என்னை நம்பாதீர்கள்.

அனுமதிக் கடிதம் வந்ததும் புத்தகத்தை மூடிவிடும் பிள்ளைகளுக்கு ஒரு தகவல். அரையாண்டு மதிப்பெண்ணையும் ஜூனில் இறுதி மதிப்பெண்ணையும் நான் அனுப்பியாக வேண்டும். சரிவு பெரிதாக இருந்தால் கல்லூரி விளக்கம் கேட்கும், அனுமதியைத் திரும்பப் பெற்றதும் உண்டு.

பிள்ளைக்கு 18 வயது ஆனதும், அல்லது கல்லூரியில் சேர்ந்ததும், கல்விப் பதிவுகள் மீதான உரிமை சட்டப்படி பிள்ளையின் கைக்குப் போய்விடும். பிள்ளை கையெழுத்திட்டுச் சம்மதிக்காமல் பெரும்பாலான கல்லூரிகள் உங்களிடம் மதிப்பெண்ணைச் சொல்லாது. முதல் பருவம் முடிந்ததும் சிலர் என்னை அழைத்து, “நீங்களாவது கேட்டுச் சொல்லுங்களேன்” என்கிறார்கள். எனக்கும் சொல்ல மாட்டார்கள்.