மூலப்பத்திரத்தில் பூட்டனைத் தேடுவது எப்படி

1870, 80களில் தமிழ்நாட்டுக் கிராமத்தில் உழுது வாழ்ந்த பூட்டனுக்குப் பிறப்புச் சான்றிதழ் தேடி அலைய வேண்டாம். சென்னை மாகாணத்துப் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டமே 1899இல்தான் வந்தது. அவர் வாழ்க்கை கிடப்பது பீரோவின் அடித்தட்டில்: கிரயப் பத்திரம், ஒத்தி (நிலத்தை ஒப்படைத்துக் கடன் வாங்கிய பத்திரம்), பாகப்பிரிவினை, பட்டா, ஓலை ஜாதகம்.

எதையும் படிக்கும் முன் ஒவ்வொரு தாளையும் இருபுறமும் படமெடுங்கள். பின்பக்கத்தை விட்டுவிடக் கூடாது. முத்திரைத்தாள் விற்ற தேதியும் வாங்கியவர் பெயரும் ஊரும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். மடிப்பில் இற்ற தாளை லேமினேஷன் செய்யாதீர்கள். ஒட்டியதைப் பிறகு பிரிக்க முடியாது.

அடுத்து ஆண்டு. எண்கள் எழுத்துப்போலத் தெரியும்: க-வின் வடிவம் 1, எ-வின் வடிவம் 7, அ-வின் வடிவம் 8. ௰ பத்து, ௱ நூறு, ௲ ஆயிரம். ௬ என்பது 6. ஆக, ௲௮௱௭௰௬ என்றால் 1876. பசலி என்பது நிலவரிக் கணக்கு ஆண்டு. பசலி ஆண்டுடன் 590 கூட்டினால் அந்தப் பசலி தொடங்கிய ஜூலை மாதத்து ஆண்டு வரும்: பசலி 1286 என்பது 1876-77. திருநெல்வேலி, கன்னியாகுமரிப் பக்கம் கொல்லம் ஆண்டு எழுதியிருப்பார்கள். ஆவணி முதல் டிசம்பர் வரை 824, ஜனவரி முதல் ஆடி வரை 825 கூட்டுங்கள்.

‘தாது வருஷம்’ என்று மட்டும் இருந்தால் சிக்கல். தமிழ் வருஷப் பெயர்கள் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வரும். பெரும் பஞ்சம் தொடங்கிய 1876ம் தாதுதான், 1816ம் தாதுதான், 1936ம் தாதுதான். தமிழ்த் தேதியும் கிழமையும் சேர்ந்திருந்தால் பஞ்சாங்கத்தில் ஒத்துப் பாருங்கள். அறுபது ஆண்டில் அதே தேதியின் கிழமை 5 அல்லது 6 நாள் தள்ளிப்போகும், அதனால் ஒரே கிழமை இரண்டு தாதுவுக்கும் பொருந்தாது. ஜாதகமானால் ராகுவைப் பாருங்கள். குருவும் சனியும் அறுபது ஆண்டில் கிட்டத்தட்ட பழைய இடத்துக்கே வந்து ஏமாற்றும். ராகு இரண்டு மூன்று ராசி தள்ளி நிற்கும்.

பெரும்பாலான தேடல்கள் தடம் மாறுவது பெயரில்தான். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது நம் வழக்கம். ஆகவே முத்து மகன் கருப்பன், கருப்பன் மகன் முத்து, மறுபடி முத்து மகன் கருப்பன் என்று ஓடும். தகப்பன் பெயர் ஒத்துப்போனால்கூட இரண்டு தலைமுறை தள்ளிய ஆளாக இருக்கலாம். பெயர், தகப்பன் பெயர், நிலம் மூன்றும் பொருந்தினால்தான், அதுவும் காலம் இடித்துக்கொள்ளாமல் இருந்தால்தான், ஒரே ஆள் என்று கொள்ளுங்கள்.

நிலத்தை நான்கெல்லையில் பிடிக்கலாம். ‘மாரியப்பன் நிலத்துக்கு மேற்கு’ என்றால் மாரியப்பன் நிலம் நமக்குக் கிழக்கே இருக்கிறது. இதைத் தலைகீழாகப் படித்துத்தான் பலர் பக்கத்து வயலைத் தம் பூட்டனுக்குச் சேர்த்துவிடுகிறார்கள். எல்லைக்காரர் பெயர்களைத் தனியே எழுதுங்கள். சிலர் பங்காளிகளாகவே இருப்பார்கள்.

இறந்த ஆண்டை நெருக்கிப் பிடிக்க அவர் கடைசியாகக் கையெழுத்தோ கீறலோ (எழுதத் தெரியாதவர் இடும் குறி) போட்ட பத்திரத்தையும், பிள்ளைகள் ‘பிதுரார்ஜிதம்’ (தகப்பன் வழி வந்த சொத்து) என்று அதே நிலத்தை விற்கும் முதல் பத்திரத்தையும் பக்கத்தில் வையுங்கள். ‘மைனர், கார்டியன் தாயார்’ என்றிருந்தால் பெரும்பாலும் அதற்குள் தகப்பன் போய்விட்டார், பிள்ளைக்கு இன்னும் வயது வரவில்லை என்று பொருள். வீட்டில் திதி கொடுத்துவந்தால் மாதமும் பட்சமும் கிடைக்கும். ஆண்டு மட்டும் பத்திரத்திலிருந்து வர வேண்டும்.

வீட்டில் இல்லாத பத்திரத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கமும் (அந்த நிலத்தில் பதிவான பத்திரங்களின் பட்டியல்) பத்திர நகலும் கேட்டு மனுப் போடுங்கள். 100 ரூபாய்க்குக் குறைந்த கிரயத்தை அன்று பதிவு செய்வது கட்டாயமில்லை. வில்லங்கத்தில் வராததால் நிலம் கைமாறவில்லை என்று முடிவுகட்ட வேண்டாம். இனாம் நிலமென்றால் (வரி தள்ளியோ குறைத்தோ மானியமாக விட்ட நிலம்) 1860களின் இனாம் பதிவேட்டை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் கேளுங்கள்.

கிடைத்ததையெல்லாம் ஆண்டுவாரியாக எழுதுங்கள். பத்துப் பதினைந்து ஆண்டு இடைவெளி தெரிந்தால், பங்காளி வீடுகளின் பத்திரங்களைக் கேட்டு வாங்கி, கடைசிப் பக்கத்துச் சாட்சிகளைப் படியுங்கள். வாங்காமலும் விற்காமலும் இருந்த காலத்தில் அவர் பெயர் அங்கே இருக்கக்கூடும்.